சுவரில் ஒட்டிய உணவுப் பட்டியல்

10-7-61, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். சோதனைக் குழாய்: நீலம். சிறுநீரில் சர்க்கரை இல்லை. இருபத்தெட்டாவது நாள். இம்மாத முடிவுவரை இப்படியே இருந்தால் ஊசி தேவையில்லை என்பது டாக்டரின் வாக்கு.

மதியம்: சோறு 3 அவுன்ஸ், தராசில் நிறுத்து. பருப்பு 1. கீரை 4. மோர் ஒரு தம்ளர். யாவும் பட்டியலின்படி.

கடைக்காரர் கிராமில் தருகிறார். மனைவி கோமதி உழக்கில் அளக்கிறாள். டாக்டர் கொடுத்த அச்சுப் பட்டியல் அவுன்ஸில். மூன்றையும் இணைத்து மாற்று அட்டவணை ஒன்று தயாரித்தேன். மிகத் தெளிவாக அமைந்துவிட்டது.

பசி. (எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.)

கோ.வும் முதல் நாளிலிருந்து என் அளவே உண்கிறாள். காரணம் கேட்டேன். "நீங்க கோழி மாதிரி கொத்திக்கிட்டு இருக்கையில நான் மட்டும் உருட்டி உருட்டி முழுங்கவா?" நோய் எனக்குத்தான், அவளுக்கு இல்லை என்று விளக்கினேன். "சீக்கு இல்ல. ரோசம் இருக்கு."

11-7-61, செவ்வாய்

கோ.வின் தம்பி சங்கரன் சீசனுக்காக மதுரையிலிருந்து வரவு. கையில் சத்துமாவு டப்பா. "அத்தான், பலம் தரும்னு எம்புட்டுப் பெருசா போட்டிருக்கான் பாருங்க!" டப்பாவைத் திருப்பினேன். அடியில், எறும்பு எழுத்தில், சேர்மானம்: கோதுமை, பால்தூள், சர்க்கரை. முன்பக்கத்தை மட்டும் படிப்பவன் ஏமாறுவான் என்று அவனுக்கு எடுத்துரைத்தேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

மாலை அவனுடன் குற்றாலத்துக்கு நடந்தேன். பாதி வழியில், மேலகரத்திலேயே கால் தளர்ந்தது. திரும்பிவிட்டேன். முப்பது ஆண்டுகளில் அருவியில் தலை கொடுக்காத சீசன் இல்லை. இவ்வாண்டு இன்னும் வாய்க்கவில்லை. அவன் குளித்து வந்து ஈரத் தலையோடு ஏழு தோசை. எண்ணினேன்.

13-7-61, வியாழன்

சாரல் ஓயவில்லை. உலராதவை: வேட்டி 3, துண்டு 2. சுவரெல்லாம் ஈரம். மைதாப் பசையால் அடுப்பங்கரைச் சுவரில் நானே ஒட்டிய பட்டியல், காலையில் தரையில் குப்புறக் கிடந்தது. பின்பக்கத்திலும் அச்சு! மூன்று வரிகள். முதல் வரி: எல்லா எடைகளும் சமைப்பதற்கு முன்னுள்ள எடைகள்.

நின்றபடியே மும்முறை படித்தேன்.

கோ.: "என்ன, தந்தி வந்த மாதிரி நிக்கீய?"

சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் மொத நாளே சொன்னேன்லா? எந்தக் கடையில சோத்த நிறுத்துக் குடுக்கான்னு கேட்டேன்லா?"

கேட்டாள். அச்சில் இல்லாததை ஏற்பதற்கில்லை என்று நான் விடையளித்ததும் நினைவில் இருக்கிறது.

உடனே மூன்று அவுன்ஸ் அரிசியை உலையில் போட்டாள். வடித்த சோறு தராசில் எட்டு அவுன்ஸ். ஆக, ஒரு மாதமாக உரிய அளவில் பாதிகூட இல்லை. எனக்கு மட்டுமா? நோயே இல்லாத அவளுக்கும். வெட்கம்.

எனினும் டாக்டரிடம் உறுதி பெறாமல் உண்பது முறையல்ல. அந்தச் சோறு சங்கரனுக்கு. அவன் சத்துமாவு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "அத்தான், பின்பக்கம்! பின்பக்கம்!" பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

14-7-61, வெள்ளி

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பத்திர ஆபீஸ்ல ஊரான் பத்திரத்த எல்லாம் புரட்டிப் புரட்டிப் பாக்கீய. இதத் திருப்பிப் பாக்கலியே அண்ணாச்சி!"

சிரிப்பு அடங்கிய பின்: "இதுவரைக்கும் வந்த நீலத்த விட்டுருங்க. பட்டினி கெடந்து வந்த நீலம் அது. இனிமே முழு அளவு சாப்பிடுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வர நீலமா நின்னா ஊசி வேண்டாம். பச்ச ஆச்சுன்னா ஊசிதான்."

மதியம்: எட்டு அவுன்ஸ் சோறு, அவியல், கீரை, மோர். கோ. எதிரில். அவள் பங்கைத் தராசில் வைக்க முனைந்தேன். "தட்ட எடுங்க அங்கன. எனக்கு வயிறே தராசு." எனக்கு வைத்ததைவிட அதிகமாகவே உண்டாள். எவ்வளவு என்று குறிக்கவில்லை.

17-7-61, திங்கள்

நீலம். மாடிப்படி ஏறுகையில் தலைசுற்றல் இல்லை. அலுவலகத்தில் பாடினேனாம், எழுத்தர் சொல்கிறார். மறுத்தேன்.

20-7-61, வியாழன்

நீலம். வேட்டிகள் உலர்ந்தன. சங்கரன் ஊருக்குப் புறப்பாடு. சத்துமாவு டப்பாவையும் மறவாமல் எடுத்துச் சென்றான்.

23-7-61, ஞாயிறு

சாரலும் வெயிலும் சேர்ந்து. சோதனை: கரைசல் ஒரு தேக்கரண்டி, சிறுநீர் எட்டுச் சொட்டு, ஸ்பிரிட் விளக்கு. கொதித்ததும் குழாயைச் சன்னலுக்கு நேரே உயர்த்தினேன்.

பச்சை.

கோ.வும் பார்த்தாள். "போட்டும். ஊசிதான, குத்திக்கிடலாம்" என்றாள். ஆனால் என் முழங்கையை விடவில்லை.

குழாயின் பின்னால், சன்னலுக்கு வெளியே, வாழை இலை என்பது பிறகுதான் உறைத்தது. வெள்ளைப் பின்னணியில் பார்ப்பதே விதி, மறந்தேன். அருகில் அகப்பட்டது பட்டியல். திருப்பி, அதன் பின்பக்கத்தைக் குழாயின் பின்னால் பிடித்தேன்.

நீலம். சந்தேகமற்ற நீலம்.

"வாழய மொதல்ல வெட்டணும்" என்றாள் கோ., கண்ணைத் துடைத்தபடி.

இருவரும் நடந்தே குற்றாலம். மேலகரத்தில் நிற்கவில்லை. பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் நான். அரை மணி நேரம் அருவிக்குள் தலை. திரும்பும்போது குடையை விரிக்க இருவருக்கும் தோன்றவில்லை.

மணி பதினொன்று. அரிசி உலையில்.

பசி. (எழுதலாம்.)