போயிலை இல்லாத தட்டு

வியாழன். காலையிலேயே வெயில்.
அப்பாவுடன் அரியலூர் பெரிய ஆஸ்பத்திரி. அவர் வாயில் வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கிறது, பெரிதாகவில்லை. போயிலையை விட்டது விட்டதாகவே இருந்தால்தான் தப்பிக்கலாம் என்றார் டாக்டர். கவுன்சிலிங் மேடம் என்னிடம் தனியாக: "நீ தூக்கி எறியாதம்மா, அவரையே எறியச் சொல்லு. வாய் நமநமன்னு வந்தா கொஞ்ச நேரம் பேச்சுக் குடு, அடங்கிடும்."
பேச்சா, நானா? கல்லூரியில் வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள்.
வாங்க வேண்டியவை: கிராம்பு, சோம்பு, காய்ந்த நெல்லி.

வெள்ளி. புழுக்கம்.
ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், திருமானூரிலிருந்து. பெரியப்பா வெற்றிலை, பாக்கு, ஒரு கட்டுப் போயிலையோடு வந்தார். வாசம் கூடம் முழுக்க. அப்பா எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.
பெரியப்பா: "வூட்டுக்காரன் போயிலை நீட்டி, கூட உக்காந்து போடலன்னா மரியாதையா? எந்திரிச்சுப் போயிடுவாங்க."
அம்மா: "ஒரு நாளுதான, ஒன்னும் ஆவாது."
அக்கா கல்யாணத்திலும் இதே ஒரு நாள்தான். விட்டிருந்த பழக்கம் அன்றைக்குத் திரும்ப ஒட்டிக்கொண்டது.

சனி. மேகம், மழை இல்லை.
ஜாக்கெட் வந்தது. கை இறுக்கம்.
மதியச் சோற்றுக்குப் பின் அப்பாவுக்கு எரிச்சல், தட்டைத் தள்ளினார். பேச்சுக் கொடுத்தேன். பஸ், கண்டக்டர், ஜாக்கெட், மறுபடி பஸ். சிரித்துவிட்டார். "போதும்டி ஆத்தா, உன் பேச்சுக்குப் போயிலையே தேவலாம்."
பெரியப்பாவின் போயிலைக் கட்டை அவர் கையில் கொடுத்தேன். "இத என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்கப்பா."
"வர்ற வரன் போயிடும்டி."
"போவட்டும்."
நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு எருக்குழியில் வீசினார். முகர்ந்துவிட்டுத்தான்.

ஞாயிறு.
வெற்றிலைத் தட்டை நானே கொண்டுபோனேன். பாக்கு, சோம்பு, கிராம்பு. மாப்பிள்ளையின் மாமா விரலால் கிளறினார். "போயிலை எங்க? மறந்துட்டீங்களா?"
பெரியப்பா முறைத்தார். அம்மா தரையைப் பார்த்தார்.
"மறக்கலீங்க. அப்பா விட்டுட்டாரு. இந்த வூட்ல இனிமே வைக்க மாட்டோம்."
"பொண்ணு வாயே தொறக்காதுன்னாங்க?" யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை செல்போனிலிருந்து நிமிரவில்லை.
நான் உள்ளே ஓடவில்லை.
அப்பா ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு தட்டை மாமா பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்குங்க."

திங்கள். தூறல்.
திருமானூரிலிருந்து போன் இல்லை. பெரியப்பா என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம்.
கிராம்பு தீர்ந்துவிட்டது. அப்பாவே கடைக்குப் போயிருக்கிறார், குடை எடுக்காமல்.