குறைக்கச் சொன்ன குரல்

வெள்ளிக்கிழமை. பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்றதற்கு அடுத்த வருடம், றக்வானப் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடாத மாசி மாதம். எனக்கு எழுதத் தெரியாது. போனிடம் சொல்லி வைக்கிறேன்.

போன ஞாயிறு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில், எதிரொலி வராமலிருக்கக் கொழுந்துச் சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டு, மகன் சேகர் காமன் கூத்துப் பாட்டைப் பதிவு செய்தான். நான் முன்பாட்டு, ராமையா பின்பாட்டு. ஆளுக்கொரு மைக். பிறகு போட்டுக் கேட்டால், நெஞ்சு நோவோடு பாடிய ராமையாவின் குரல் கணீரென்று இருந்தது. என் குரல் அதற்குள் அமுங்கிக் கிடந்தது.

"பின்பாட்டு பின்னாலதான் கேக்கணும். கொறைடா" என்றேன். சேகர் குறைத்தான். "இன்னும்" என்றேன்.

இன்று மத்தியானம் ராமையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்க வந்தான். பாட்டு முடிந்தும் காதை மைக்செட்டிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணே, ஏங் கொரல காணோமே?"

"மைக்குல விழலப்பா. நீ தள்ளி ஒக்காந்துட்ட."

"அட, இந்தக் கெழவனுக்கு ஒக்காரவும் தெரியல பாருங்க" என்று சிரித்தான். சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

ராமையா போனபின் சேகர் சொன்னான்: "இப்பவும் கூட்டலாம்ப்பா." கூட்டினால் என் பொய் தெரிந்துவிடும். கூட்டாவிட்டால் அவன் பாடியதே இல்லை என்றாகிவிடும்.

நாளைக்குக் கூட்டச் சொல்ல வேண்டும். எங்கள் கூத்தில் ஆறு பேர் பாடினோம். இப்போது என்னோடு பாட உயிரோடு இருப்பது ராமையா ஒருவன்தான்.