கோட்டைப் பூனைக்கு மேல்மாடி எழுதுவது

அன்பு மகள் சுண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆனால் நான் கேட்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். உனக்கு இடது கடைவாய்ப்பல் இரண்டு மாதமாக வலிக்கிறது, படுக்கையறை ஜன்னலில் மழைத்தண்ணீர் ஒழுகி வாளி வைத்திருக்கிறாய், ஆபீசில் உனக்கு மேலே இருக்கிறவள் உன்னைக் கண்டாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நாலு வருடமாக ஒரு வார்த்தை பேசாத மகளைப் பற்றி இந்த மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று உனக்கு இந்நேரம் பகீரென்றிருக்கும். கிழித்துப் போட்டுவிடாதே. பதினோரு கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை, அதற்காக நான் கோபித்துக்கொண்டதில்லை, இந்த ஒன்றை மட்டும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோட்டைக் கதை வாசகர் குழுவில் உன்னோடு இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாரே மேல்மாடி என்று ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மைக் ரிப்பேர் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வாய் திறக்காமல் எழுதியே காலம் தள்ளுகிறவர், அது நான்தான். கணக்கும் தெரியாது, வாத்தியாரும் இல்லை, ஓய்வும் பெறவில்லை. அதே லிஃப்ட் மெக்கானிக்தான். மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தபோது குழுவில் என்ன பெயர் என்று கேட்டது, ஒன்றும் தோன்றாமல் மேல்மாடி என்று போட்டேன். நம் குழுவிலிருக்கும் நர்ஸம்மா ஒரு நாள் தன் மகளின் பின்னக் கணக்கை அனுப்பி, சார் இதைக் கொஞ்சம் போட்டுக் கொடுங்க என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு எட்டாவது மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண்ணின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிப் போட்டேன். நீகூட அருமை சார் என்று எழுதினாய். சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்துக்கொள், இதற்கப்புறம் சிரிக்க ஒன்றுமில்லை.

வேண்டுமென்று உன்னைத் தேடிக்கொண்டு வரவில்லை, அதையாவது நம்பு. ஆறாவது பாகம் வந்த சமயம், உன் அம்மாவும் போய், நீயும் பேசாமல், அந்தக் கதையைப் பற்றிப் பேச எனக்கு ஒரு நாதி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் போனில் தடவிக்கொண்டிருந்தபோது அந்தக் குழு கண்ணில் பட்டது. யாரோ கோட்டைப் பூனை என்று ஒருத்தி எழுதியிருந்தாள், எங்க வீட்டுல ஒரே புத்தகத்தை வாங்கி பிளேடால முதுகைக் கீறி ரெண்டாப் பிரிச்சிடுவோம், நான் முதல் பாதியை முடிச்சு அப்பா கையில குடுத்துட்டு ரெண்டாம் பாதிக்குப் போவேன், அவர் எப்பவும் என் பின்னாடியேதான் வருவார் என்று. சுண்டு, புத்தகத்தை அப்படிக் கசாப்புப் போடுகிற வீடு உலகத்தில் இன்னொன்று இருக்குமா? உனக்குப் பதினாலு வயதில் முதல் பாகத்தை வெட்டினோம். ரெண்டு பைத்தியத்துக்கும் ஒரு புத்தகம் போதும் என்பாள் உன் அம்மா. இரண்டாம் பாதியை வைத்துக்கொண்டு யார் சாகப்போறான்னு சொல்லவா, சொல்லவா என்று நீ என்னைப் படுத்தின பாடு எல்லாம் ஒரே நிமிஷத்தில் நினைவுக்கு வந்து, கீழே நாலாவது மாடியில் ஆள் மாட்டிக்கொண்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. அன்றைக்கே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ குழுவை விட்டே போய்விடுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. எட்டுப் பேர் போனில் கூடிப் பேசுவார்கள், நான் உன் ஒரு குரலுக்காக இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் இருமல் எத்தனை வாரம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். உன் அத்தைக்கு விஷயம் தெரிந்ததும், பெத்த பொண்ணுகிட்டயே ஒளிஞ்சு விளையாடறியே, உனக்கு வெட்கமா இல்லையா என்று பிடித்துக்கொண்டாள். அப்படி என்னதான் கதை அது, எவனுக்காக அப்பனும் பொண்ணும் இப்படி அடிச்சுக்கறீங்க என்று கேட்டாள். மலைக்கோட்டையில் ஒரு விளக்குக்காரன், எதிரி வந்தால் கோபுர விளக்கை ஏற்ற வேண்டும், அது மந்திர விளக்கு, அதன் வெளிச்சம் ஏழு மலைக்கு அப்பாலும் தெரியும், இறந்தவர்களின் நிழல்கூட எழுந்து நடக்கும், எல்லைக்குப் போயிருக்கிற இளவரசி அதைப் பார்த்தால் திரும்பி வருவாள், ஆனால் எதிரி வந்தபோது அவன் ஏற்றவில்லை, கோட்டை எரிந்து அவள் அம்மாவும் போய்விட்டாள், நீ வந்திருந்தால் நீயும் செத்திருப்பாய், உன்னைக் காப்பாற்றத்தான் ஏற்றவில்லை என்று ஆறு பாகமாக அவளிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று சொன்னேன். அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இதுல மாய மந்திரம் எங்கடா இருக்கு, இது நம்ம வீட்டுக் கதைதானே என்றாள். நீ ஏன் அந்த விளக்குக்காரனைக் கரித்துக் கொட்டுகிறாய் என்றும், நான் ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் எனக்கு அதற்கு முன்னால் தெரியாமல் இல்லை. இன்னொருத்தர் வாயால் கேட்டபோதுதான் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏழாவது பாகம், கடைசிப் பாகம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நான் முடிவைப் படிக்காமலேதான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் பிளேடால் கீறிப் பிரித்துவிட்டேன், முதல் பாதியை முடித்தேன், இரண்டாம் பாதி மேஜை மேல் அப்படியே கிடக்கிறது, அதை உன் கையிலிருந்து வாங்கித்தான் எனக்குப் பழக்கம். அதனால் கடைசி அத்தியாயத்தில் கோபுர விளக்கு எரிகிறது, யார் ஏற்றியது என்று ஆசிரியர் சொல்லவில்லை என்பதே நீங்கள் போட்ட சண்டையில்தான் எனக்குத் தெரிந்தது. குழு நடத்துகிற மருந்துக்கடைக்காரர், செத்தவங்க நிழல்தான் ஏத்துச்சு, நாலாம் பாகத்துலயே க்ளூ இருக்கு என்று அடித்துச் சொன்னார். இன்னொருத்தர் இளவரசியோட அம்மா ராணிதான், அவ சாகவே இல்ல என்றார். மேல்மாடி சார் என்ன சொல்றார் என்று கேட்டபோது நான் யோசிக்கிறேன் என்று எழுதி மழுப்பினேன். அப்போது நர்ஸம்மா சொன்னார், ஆஸ்பத்திரியில தினம் பாக்கறேங்க, சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லாம தள்ளிப்போடறவங்க யாரும் அவங்க நல்லதுக்காகத் தள்ளிப்போடறதில்ல, சொன்னா அது நிஜமாயிடும்னு பயம், விளக்குக்காரனுக்கும் அதேதான், விளக்கை ஏத்திட்டா எதிரி வந்துட்டான்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் நீ பேசினாய். யாரு ஏத்தினா எனக்கென்ன, கடைசி மூச்சு வரைக்கும் உனக்காகத்தான் உனக்காகத்தான்னு சொல்லிட்டே போறான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல, பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாய். உன் குரல் உடைந்தது. மருந்துக்கடைக்காரர் பேச்சை மாற்றி, கதை முடிஞ்சிருச்சு, இந்த மாசக் கடைசியோட குழுவை மூடிடலாம் என்றார், எல்லாரும் சரி என்றார்கள்.

சுண்டு, நான் பயந்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டினால் ரெண்டே நிமிஷம், வந்துட்டேன் என்று குரல் கொடுப்போம். அரைமணி ஆகுமா, வேற ஆள் வரணுமா என்று எங்களுக்கே தெரியாது, ஆனால் ரெண்டு நிமிஷம்தான். முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்து மூன்று நாளும் நீ போன் செய்தபோதெல்லாம், சாதாரணக் காய்ச்சல்தான், அம்மா தூங்கறா, எழுந்ததும் பேசச் சொல்றேன் என்றேன். எல்லாம் முடிந்து நீ வந்து கேட்டபோது, அம்மாதான் உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றாள், பரீட்சை முடியட்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள் என்றேன். இப்போது கேள். அது பொய். இனிமேல் வந்து மறுத்துப் பேச முடியாதவள் தலையில் நான் ஏற்றி வைத்த பொய். உன் அம்மா சத்தியம் எதுவும் வாங்கவில்லை. தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் அவ எப்ப வர்றா என்றுதான் கேட்டாள். கிளம்பிட்டா, ரெண்டு நாள்ல வந்துருவா என்று நான் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னேன். உன்னைக் கூப்பிட்டால், அவள் பிழைக்க மாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம், வேறு ஒரு காரணமும் இல்லை, உன் பரீட்சை, உன் வேலை எல்லாம் நான் அப்புறம் கட்டின கதை. கடைசி நாலு நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வாசல் பக்கம் தலையைத் திருப்பியே படுத்திருந்தாள். நீ வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு போனாளா, இவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டு போனாளா, அதுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

போன வருடம் ஒரு நாள் நீ மேல்மாடிக்குத் தனியாக எழுதினாய், எங்க அம்மா கடைசி நேரத்துல என்னைப் பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார், அது ஏன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியல, நான் என்ன தப்பு பண்ணினேன் என்று. அதைப் படித்த அன்றைக்காவது நான் மனுஷனாக இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். மனதைத் தளர விடாதேம்மா, தாய் மனசு அப்படித்தான் என்று வாத்தியார் மாதிரி அறிவுரை எழுதினேன். அதற்கு நீ நன்றி வேறு சொன்னாய். இப்போது திங்கட்கிழமை நீ எழுதியது, சார், குழுவை மூடிட்டாலும் நாம பேசுவோம், உங்ககிட்ட சொன்னாத்தான் எனக்கு மனசு லேசாகுது, உங்க நம்பர் குடுங்க, நான் கூப்பிடறேன், மைக் இல்லாட்டி பரவாயில்ல நான் பேசறேன் நீங்க கேளுங்க என்று. அடுத்த நாளே போய் ஒரு புது சிம் வாங்கி வந்தேன். ஆமாம், வாங்கினேன். இன்னும் பத்து வருடத்துக்கு வாத்தியாராகவே உன் குரலைக் கேட்டுக்கொண்டு கிடக்கலாம் என்று ஆசை. போனில் போடப் போகும்போது நான் என்ன தப்பு பண்ணினேன் என்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அதை உனக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான், அந்த ஒருத்தன் வாத்தியார் வேஷம் போட்டுக்கொண்டிருந்தால் யார் சொல்வது? கத்தரியை எடுத்து அந்த சிம்மை வெட்டிப் போட்டுவிட்டேன்.

நீ மன்னிப்பாய் என்று எண்ணி இதை எழுதவில்லை, எனக்கு அந்த நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. மகளை ஒரு தடவை இழந்தேன், இந்தக் கடிதத்தோடு வாத்தியாரை நம்பிய பெண்ணையும் இழக்கப்போகிறேன், மாதக் கடைசிக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்குக் கிடையாது. நீ இருமினால்கூட எனக்குத் தெரியப்போவதில்லை. அழுது என்ன, தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. உன் அம்மா உன்னைத்தான் கேட்டாள், உன்னை மட்டும்தான் கேட்டாள், அது உன் கைக்கு வந்து சேர்ந்தால் போதும்.

பல்லை இன்னும் தள்ளிப்போடாதே, வலியோடு மாத்திரை போட்டுச் சமாளிக்கிற புத்தி என்னிடமிருந்து வந்தது, அதை விட்டுவிடு. ஜன்னலுக்கு வாளி வைத்தால் ஆகாது, வெளிப்பக்கச் சட்டத்தில் விரிசல் இருக்கும், வீட்டுக்காரரை வரச்சொல்லிச் சண்டை போட்டாவது அடைக்க வை. அந்த மூஞ்சியைத் தூக்குகிறவளுக்குப் பயப்படாதே. அத்தை உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், என்னைப் போல ஒரு வார்த்தையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு புழுங்காமல் இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் அம்மா பெயரைச் சொல்லி வாழ்த்துகிறேன்.

மறந்துவிடப்போகிறேன், நீ நம்பர் கேட்டிருந்தாய். அது உன்னிடமே இருக்கிறது, நாலு வருடமாக நீ எடுக்காமல் விட்ட அதே நம்பர்தான், நான் மாற்றவில்லை. மைக் எப்போதும் ரிப்பேர் ஆனதில்லை.

இப்படிக்கு,
பயந்துபோன உன் அப்பா