நடு வீட்டில் கிடக்கும் கட்டில்

திருக்கழுக்குன்றம்,
சித்திரை முதல் ஞாயிறு.

அன்பு மகன் தமிழ்வாணனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம், நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் இந்த வீட்டில் ஒருவர் நலமாக இருக்கிறேன் என்று ஃபோனில் சொல்லி வைத்ததால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன், அதனால் அந்த வார்த்தையை இன்றைக்கு நான் தொடுவதாக இல்லை. நீ நன்றாக இரு. சண்டிகரில் வெயில் ஏறியிருக்கும், டியூட்டி டியூட்டி என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே, மோர் வாங்கிக் குடி. என் கால் விரல் கட்டில் காலில் இடித்துக்கொண்டு வீங்கியிருக்கிறது, அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பாசம் இதோடு முடிந்தது, இனி என் கோபத்தைப் படி. ஃபோனில் பேசினால் வார்டில் இருக்கிறேன் அம்மா என்பாய், பக்கத்தில் உன் அப்பாவும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சொல்ல வந்ததில் பாதியை நான் விழுங்கிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பா குடிக்கிறாரா என்று என்னைக் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் எங்கேயும் போகவில்லை, நான்தான் பட்டனை அமுக்கினேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஸ்டியரிங் பிடிக்கிற மனிதர், கல்யாண வீட்டில் பங்காளிகள் ஊற்றிக் கொடுத்தாலும் காலையில் வண்டி எடுக்கணும் என்று எழுந்து வந்துவிடுகிற மனிதர். காது மூக்கு தொண்டைக்கு டாக்டராகி, அதிலும் தலைசுற்றலைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற நீ, தலைசுற்றித் தடுமாறிய உன் அப்பாவைப் பற்றிக் கேட்ட கேள்வி இதுதானா? ரோட்டில் போகிறவன் கேட்டிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன். நீ கேட்டாய், அதனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் தங்கை பிரபா உனக்கு அரையும் குறையுமாகச் சொல்லியிருப்பாள், நடந்ததை முழுசாக நான் சொல்கிறேன். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை ஷிப்டுக்கு மாமல்லபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மறைமலைநகர் கம்பெனிக்குப் போனார். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டிப் போகும்போது பின்சீட்டில் யாரோ சத்தம் போட்டார்கள் என்று உள்கண்ணாடியை அண்ணாந்து பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், ரோடும் ஏரியும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டன. எப்படியோ பிரேக்கை மிதித்துவிட்டார், வண்டி ஓரத்துத் தடுப்பில் உரசி விளக்கு உடைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, மலைமேல் இருக்கிறவன் காப்பாற்றினான். இறங்கியவரால் நிற்க முடியவில்லை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாராம். விடிந்தும் விடியாததுமாக ரோட்டோரம் வாந்தி எடுக்கிற டிரைவரைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? பஸ் காண்டிராக்டர் ரவிச்சந்திரன் பைக்கில் வந்து இறங்கி, "இன்னா ஜெகதீசா, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா, எங்க ஊது பாக்கலாம்" என்று முகத்துக்கு நேரே குனிந்தாராம். அத்தனை தொழிலாளிகளும் ஜன்னலில் எட்டிப் பார்க்க உன் அப்பா ஊதினார். வாசனை வரவில்லை என்றதும், "அப்போ வேற இன்னாத்த போட்ட?" என்று கேட்டாராம். இப்போது அவரை ஷெட்டில் உட்கார வைத்து, எந்த பஸ் எப்போது வெளியே போகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் எத்தனை நாளைக்கோ, வேறு டிரைவர் கிடைத்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று பேச்சு. என் தையல் கடைக்குத் துணி கொடுக்க வந்த பக்கத்துத் தெரு வேண்டா, "யக்கா, அண்ணாத்த தண்ணி போட்டுக்கினு பஸ்ஸ ஏரிக்குள்ளயே வுடப் பாத்தாராமே, மெய்யா?" என்று கேட்டாள். அவள் கொடுத்த ப்ளவுஸ் துணியை மடித்து அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன். உன்னை அப்படி அனுப்ப முடியவில்லை, நீ நான் பெற்ற பிள்ளையாகப் போய்விட்டாய்.

இனி உன் பங்கைச் சொல்கிறேன். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, படுத்துப் புரண்டால் தலை சுற்றுகிறது, அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறது என்று அப்பா சொன்னார். நீ துள்ளி எழுந்தாய். சுவரோரம் கிடந்த கட்டிலை நடு வீட்டுக்கு இழுத்தாய், அவரை அதில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மளமளவென்று மல்லாக்கச் சாய்த்து, கட்டில் விளிம்புக்குக் கீழே தலை தொங்கும்படி பிடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரத்தில் அவர் கருவிழி இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. நீ சந்தோஷமாக, "அம்மா, சீக்கிரம் வந்து பாரு, கண்ணு எப்டி ஆடுதுன்னு, புக்ல போட்டா மாதிரியே கீது" என்று என்னைக் கூப்பிட்டாய். காதுக்குள்ளே சுண்ணாம்புத் துகள் மாதிரி ஒன்று தன் இடத்தைவிட்டு நழுவி வேறு குழாய்க்குள் போய்விட்டது, இதே நிலையிலிருந்து தலையை மறுபக்கம் திருப்பி உடம்பைப் புரட்டி எழுப்பி உட்கார வைத்தால் அது போன வழியே வந்துவிடும், மாத்திரைகூட வேண்டாம் என்று நீதான் விளக்கினாய். அவர் தலை அப்போது உன் உள்ளங்கையில் இருந்தது தமிழ்வாணா. இன்னும் இரண்டு நிமிஷ வேலை. அந்த நேரம் பார்த்து உனக்கு யோசனை வந்தது. அப்படியே எழுப்பி உட்கார வைத்துவிட்டு, நீயும் உன்கூடப் படித்த இனியனும் சேர்ந்து இதே வியாதிக்குத்தான் ஆராய்ச்சி செய்கிறோம், ஆள் போதவில்லை, நான் இப்போது சரிசெய்துவிட்டால் அப்பாவைச் சேர்க்க முடியாது, செங்கல்பட்டில் இனியனிடம் போய்ச் சேர்ந்தால் உதவியாக இருக்கும், கட்டாயமில்லை என்று சொன்னாய். கட்டாயமில்லையாம்! நீ கேட்டு அவர் மாட்டேன் என்ற ஒன்றைச் சொல், நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன். கட்டிலைத் திரும்பச் சுவரோரம் தள்ளியதும் நீதான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். இரண்டு விதமாகத் தலையைத் திருப்புவோம், ஒன்று நிஜ வைத்தியம், மற்றது பார்க்க அதுபோலவே இருக்கும் ஆனால் வைத்தியம் இல்லை, யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், திருப்புகிற டாக்டரம்மாவைத் தவிர இனியனுக்கே தெரியாது என்று படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள். சரியாகும் வரை வண்டி எடுக்கக் கூடாது, சரியாகாதவர்களுக்கு ஒரு மாதம் கழித்து நிஜ வைத்தியத்தையே செய்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். அவருக்கு எது விழுந்ததோ, சுற்றல் நிற்கவில்லை. மாதம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தபோது, பரண்மேல் இருந்த அண்டாவை எடுக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கட்டில் கால், ஒரு கையில் ஃபோன். "ஜம்முனு கீறேம்மா, சுத்தும் இல்ல கித்தும் இல்ல, டாக்டருக்கு ரொம்ப தேங்ஸ்னு சொல்லு" என்றார், நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் வந்து ஒரு தடவை படுத்துக் காட்டுங்கள் என்று கூப்பிட்டதற்கு டியூட்டி இருக்கிறது என்று தட்டிக்கழித்துவிட்டார், மறுவாரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் போட்ட சண்டை பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டது. சம்பளம் போகிறதே என்றுதான் பொய் சொல்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் இடித்துக்கொண்டு வந்த அன்றைக்குத்தான், ஏன்யா அப்படிச் சொன்னாய் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அதற்கு அவர், "இன்னா பண்ணச் சொல்ற, நம்ம புள்ள பரீட்சைல நானே போயி சைபர் போட்டுட்டு வரணுமா? பெத்த அப்பனுக்கே சரியாவலன்னா நாலு டாக்டருங்க அவனப் பாத்து சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டாயா? அவருக்கு ஆராய்ச்சி என்றால் பரீட்சை. நீ பாஸாக வேண்டும் என்று, படுக்கையில் புரளாமல் ஒரே பக்கமாகத் தூங்கி, அண்ணாந்து பார்க்காமல் தலையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறார். அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, அவர் செய்தது பெரிய தப்பு, அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். இப்போது இனியனிடம் போகலாம் வா என்றால் வர மறுக்கிறார். சரியாகிவிட்டது என்று சொன்ன வாயால் இல்லை என்றால் பையன் பேர் கெட்டுவிடுமாம், ஆராய்ச்சி முடியட்டும், அப்புறம் பார்க்கலாமாம்.

ஆராய்ச்சியே கூடாது என்று சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நிஜம் எது சும்மா எது என்று யாராவது பார்த்தால்தானே நாளைக்கு வருகிறவனுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும். ஆனால் உன் வீட்டு ஆளை நீ எதற்கு அனுப்பினாய்? ஊரில் மற்றவர்கள் டாக்டருக்குப் பதில் சொல்வார்கள், உன் அப்பா மகனுக்கல்லவா பதில் சொல்லுவார். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, அவ்வளவு படித்து என்ன புண்ணியம்? ஜெகதீசன் குணமாகிவிட்டார் என்று இனியன் சொன்னதால், இது தலைசுற்றலாக இருக்காது, வேறு ஏதோ என்று முடிவு கட்டி, உனக்குக் குடி ஞாபகம் வந்திருக்கிறது. அவர் சொன்ன பொய்யை நம்பினாய், அவரை நம்பவில்லை. உங்கள் கணக்கில் குணமானவர்கள் வரிசையில் அவர் இருந்தால் முதலில் அந்தப் பேரை அடித்துவிடு. அந்த வரிசையில் இன்னும் யார் யார் சுவரைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்களோ, அதையும் இனியனிடம் கேட்டுக்கொள்.

வேறு செய்தி எழுத மனசு இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பிரபாவுக்கு சிறுசேரியில் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், கேப் வர நேரமானால் சிடுசிடு என்று இருக்கிறாள். நீ சொன்னாய் என்று அப்பாவுக்கு மூளை ஸ்கேன் எடுக்கணும் என்று அவள் ஒரு பக்கம் குதிக்கிறாள், அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து அவருக்கு முகமே இல்லை, மண்டைக்குள் ஏதோ இருக்கிறது என்று பயந்துபோயிருக்கிறார். மொபைலில் வீடியோ பார்த்து நானே திருப்புகிறேன் என்றும் அவள் கிளம்பினாள், கழுத்து கிழுத்து பிசகிவிடப் போகிறது என்று நான்தான் தடுத்தேன். சித்திரைத் தேருக்கு ஊரில் பந்தக்கால் நட்டாயிற்று. தினமும் வாசலில் நின்று மலைக்கோயிலை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தானே உன் அப்பா வேலைக்குக் கிளம்புவார், இப்போது தெருவைப் பார்த்துக் கும்பிடுகிறார். சாமி கோபித்துக்கொள்ளாது, எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. படித்துவிட்டு ஃபோனை எடுக்காதே. ஃபோனில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதில் அவர் தேர்ந்துவிட்டார், நீயும் அதை நம்புவதில் தேர்ந்துவிட்டாய். லீவு இல்லை, கைடு விடமாட்டார் என்று காரணம் எழுதாதே, நான் படிக்க மாட்டேன். வந்து ரவிச்சந்திரன் முன்னால் நின்று, இவர் என் அப்பா, இது காதில் வந்த கோளாறு, நான் டாக்டர் சொல்கிறேன் என்று வாயைத் திறந்து சொல். நீ குடியைப் பற்றிக் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவும் மாட்டேன், அந்த ஒரு உபகாரம்தான் இப்போதைக்கு உனக்கு நான் செய்ய முடியும். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் கை பட்டவர்கள் எல்லோரும் பிழைக்க வேண்டும், மலைமேல் இருக்கிறவன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். கட்டிலை நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன், பொங்கலுக்கு நீ போட்ட அதே இடத்தில். போகிறவர் வருகிறவர் எல்லோரும் இடித்துக்கொள்கிறார்கள், எதற்கு இது இங்கே கிடக்கிறது என்று உன் அப்பாவே தினமும் சத்தம் போடுகிறார். நீ பாதியில் விட்ட வேலையை உன் கையால் முடிக்கிற வரைக்கும் அது அங்கேதான் கிடக்கும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அம்மா,
ஜோதிலட்சுமி.