உட்காரச் சொல்லாத டீச்சர்

“நான் சொல்லாம இருந்திருந்தா அவர் வெளிய வந்திருப்பாருல்லடி?” என்று ஒருமுறை என்னைக் கேட்டாய். ஒரே ஒருமுறைதான். இன்று மதியம் சுரங்கத்தில் வெடி வைத்தபோது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. உன் கேள்வி மறுபடி என் முன்னால் வந்து நின்றது.

நாம் இருவரும் இந்த அதிர்வில் வளர்ந்தவர்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஜன்னல் நடுங்கினால் யாரும் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி பதறி எழுந்தால், “ஒண்ணுமில்ல, மைன்ஸ்ல வெடி. உக்காருங்க” என்று சிரிப்போம். காபி கொடுப்பதைப் போல அதுவும் ஓர் உபசாரம் நமக்கு.

கல்யாணமாகி குஜராத்தில் புஜ் நகரத்துக்குப் போனபோது அந்தப் பழக்கமும் உன்னோடு வந்தது. உன் கணவருக்கு அங்கே வங்கி வேலை. உனக்கு ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கோட்டை மதிலுக்குள் குறுகலான ஒரு தெருவில், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய மாடி வீட்டில் குடியிருந்தீர்கள்.

அந்தக் குடியரசு தினக் காலையில் நீ முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய்; பையன் உன் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தான். அதிர்வு முதலில் மெல்லத்தான் வந்தது என்றாய். பேப்பரும் கையுமாக அவர் வாசற்படிக்கு வந்து, “என்னம்மா இது?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, வெடிதான். உக்காருங்க, காபி கொண்டாறேன்.” அவர் சிரித்தார். “நீ ஊரு மாறினாலும் உன் மைன்ஸ் மாறல” என்று உள்ளே திரும்பினார். அது வெடியில்லை, பூகம்பம். அடுத்த நொடி மாடி இறங்கியது. தெரு முழுவதும் இறங்கியது. எந்தக் குவியல் யாருடைய வீடு என்று தெரியாமல் ஊரே வெறும் கையால் கல்லைப் புரட்டியது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

பையனை அழைத்துக்கொண்டு நீ இங்கே வந்தாய். வெடி வைக்கும்போதெல்லாம் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாய். நானும் உன் பின்னால் வந்து நிற்பேன். அப்படி நின்றிருந்த ஒரு நாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நானும் இங்கே டீச்சர், எனக்கு உதாரணம் சொல்லித்தானே பழக்கம்? தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் ரயில் சத்தத்தில் தூங்குகிறான், அவன்மேல் தப்பு சொல்ல முடியுமா என்றேன். நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: “உன் உதாரணமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். எழுந்து ஓடினவங்க பொழைச்சுட்டாங்க.”

நான் உள்ளே போய் உன் செருப்பை எடுத்து வந்து உன் காலடியில் வைத்தேன்.

கோடை முடிவதற்குள் புறப்பட்டுவிட்டாய். அந்த ஊருக்கா திரும்பப் போகிறாய் என்று எல்லோரும் தடுத்தோம். “அங்க எல்லாருமே எழுந்து ஓடுவாங்கடி. நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி தெரிய மாட்டேன்” என்றாய். தகரக் கொட்டகையில் வகுப்பு எடுத்தாய். வெயிலில் தகரம் கொதித்தாலும் பிள்ளைகள் கூரை லேசாக இருப்பதே நல்லது என்றார்களாம்.

சில வருடம் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். குறுகல் தெருக்கள் இருந்த இடத்தில் அகலமான சாலை போட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு. எல்லாம் தரையோடு தாழ்ந்த வீடுகள். ஜன்னலுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையைக் காட்டி, “கரும்புக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டற மாதிரி. ஆடினாலும் பிரியாது” என்றாய். எனக்கே உதாரணமா என்று சிரித்தோம். பிறகு சொன்னாய்: “ரோடு அகலமாயிடுச்சு. ஆனா கூப்பிட்டா கேக்கற தூரத்துல பழைய ஆளுங்க யாருமில்ல.”

மறுநாள் உன் வகுப்புக்கு வந்தேன். நீ நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். நீ பேசாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவர்களாகவே ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் நாற்காலியை இழுத்துப் போடுவாய், தண்ணீர் கொடுப்பாய். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்ல மாட்டாய். என்னிடமும் சொல்லவில்லை.

போன ஆடியில் உன் பையன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றான். நீ திரும்பக் கட்டிக்கொண்ட ஊரில், உன் வீட்டுக் கூரைக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாய் என்பதை நினைத்துத்தான் நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். வெடிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரம்மா விடுவதில்லை. “இன்னா டீச்சர், வெடி வெச்சா நீங்க எழுந்துக்கினு வந்துடறீங்க, அட்டெண்டன்ஸ் எதுனா எடுக்கறாங்களா?” என்று கேலி செய்வாள். போன வாரம் அவள் பேத்தி பயந்து வெளியே ஓடி வந்தாள். “அடச்சீ, வெடிதான், உள்ள போடி” என்று அவள் அதட்டினாள். நான் தெருவைக் கடந்து போய், சத்தம் அடங்கும்வரை அந்தச் சிறுமியின் பக்கத்தில் நின்றேன்.

உன் கேள்வியை இன்றும் எனக்குள் கேட்டுப் பார்க்கிறேன். அவர் வெளியே வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் ஒரு வேலையை விட்டுப் போயிருக்கிறது. இந்த மடலை வேறு யாராவது படித்தால், அவர்களுக்கும் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டில் யாராவது பயந்து எழுந்தால், ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன் நீங்களும் எழுந்து அவரோடு வெளியே வந்துவிடுங்கள்.