அப்பாவுக்குக் காமாலை இல்லை

21.1.2025, செவ்வாய்

அறுவடை மெஷின் இன்றும் வரவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. குடலில் புற்றுக்கட்டியை எடுத்து நாலு மாதம். நாற்பத்தோரு வயதில் எனக்கு ஏன் வந்தது என்று இதில் தெரியும் என்றார்கள். தெரியவில்லை!

டாக்டர் ஃபாஜில் பொறுமையாகச் சொன்னார். ஜீனில் இருப்பதில் வேண்டாததை வெட்டி, மீதியை ஒட்டித்தான் உடம்பு படிக்குமாம். எனக்கு அந்த வெட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதம் அதனால் கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம்.

"குடும்பத்துல வேற யாருக்கும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அதனால உறுதியாச் சொல்ல முடியலம்மா."

எழுதியது நான்தான். அப்பா — மஞ்சள் காமாலை.

22.1

அப்பா நாற்பத்தாறு வயதில் குடல் புற்றுநோயில் போனார். தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்று அம்மா காமாலை என்றாள். என் நிச்சயத்திலும் அதுதான். பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லி, ஆஸ்பத்திரி படிவத்திலும் கை தானாக எழுதிவிட்டது. தானாகவா? பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எதற்குப் பூசி மெழுகுவது.

25.1

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் மகள் குந்தவைக்கு அடுத்த மாதம் நிச்சயம். "இப்பப் போயி இதைக் கிளறாத பூர்ணிமா. குந்தவை நிச்சயம் முடியட்டும்."

"அப்பாவுக்கு நாப்பத்தாறுண்ணே. உனக்கு நாப்பத்தஞ்சு."

போனை வைத்துவிட்டார்.

26.1

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து வயலுக்குப் போனார். சாப்பிடும்போதுதான் கேட்டார், "என்கிட்டயுமா?" அழுதேன்.

3.2

படிவத்தைத் திருத்தினேன். டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அண்ணனுக்கும் உடனே குடலில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

16.2, ஞாயிறு

நிச்சயம். நினைத்தபடியே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "பொண்ணோட தாத்தா எதுல தவறினாரு?"

"காமாலைங்க," என்றார் அண்ணன்.

நானும் தலையாட்டினேன். சீ!

கை கழுவும் இடத்தில் குந்தவை பிடித்துக்கொண்டாள். "உங்க மூஞ்சே சரியில்ல அத்தை. தாத்தாவுக்கு நெசமா என்ன?"

சொன்னேன்.

20.2

அண்ணன் போனில் கத்துகிறார். அவர் கேமரா விட்டுப் பார்க்காவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாளாம் குந்தவை. கத்தட்டும்.

10.3

அண்ணன் குடலில் மூன்று சதை வளர்ச்சிகள். எதுவும் இன்னும் புற்றாகவில்லை. அப்போதே எடுத்துவிட்டார்கள். ரத்தத்திலும் என்னுடைய அதே எழுத்து மாற்றம்.

5.5

என் ரத்தத்தில் செய்த இரண்டாவது பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. வெட்டும் இடம் தவறித்தான் இருக்கிறதாம், புரதம் அரைகுறையாகத்தான் வருகிறதாம். இனி 'உறுதியில்லை' இல்லை.

இன்று குந்தவை ரத்தம் கொடுக்க வந்தாள். கூடவே மாப்பிள்ளை பரணிதரன். அவளுக்கும் அதே படிவம். அவன் பக்கத்தில் இருக்கும்போதே எழுதினாள்: தாத்தா — குடல் புற்றுநோய், 46. அத்தை — குடல் புற்றுநோய், 41.

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்க வரியில 'இப்ப நல்லா இருக்காங்க'ன்னு எழுத இடமே இல்லையே அத்தை?"

"ஓரத்துல எழுதிடு," என்றான் பரணிதரன்.