தூண்டில் வளைவுக்கு வடக்கே

மதி,

நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. நீ சொன்னது சரிதான். கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இது பொறியியல் படித்த எனக்கும் தெரியும். இருந்தும், வளைவுக்குத் திட்டம் வரைந்த நானே எங்கள் குப்பத்தோடு வரைபடத்தை நிறுத்திவிட்டேன். வடக்கே அடுத்தது உங்கள் குப்பம்.

இப்போது உன் அப்பாவுக்குப் படகு ஏற்றக் கரையில்லை. வேற்றுக் குப்பத்துப் படகை இங்கே ஏற்ற விடமாட்டார்கள். நேற்று ஊர்க்கூட்டத்தில் கேட்டேன்.

"இன்னாடா, மாமனார் போட்டுக்கு எடம் கேக்குறியா?" என்று எங்கள் நைனாவே சிரித்தார்.

"நீ நிக்கிற மணலே அவரு கரையோடது, நைனா" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இடம் கொடுத்துவிட்டார்கள்.

மாமாவைப் படகோடு வரச் சொல். கயிறு பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்பேன். நீ பஸ்ஸில் முன்னாடியே வந்துவிடு. அவர் முகத்தைத் தனியாகப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

உன் வீட்டுக்காரன்